ஒசாகாவில் முதல் நான்கு நாட்கள்: எதை, எப்போது, எப்படிச் செய்வது

ஜப்பானுக்கு முதன்முறையாகச் செல்பவர்களின் பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தால், டோக்கியோவுக்கு ஐந்து நாள், கியோட்டோவுக்கு மூன்று நாள், நாராவின் மான்களுக்கு ஒரு பகல் என்று ஒதுக்கிவிட்டு, ஒசாகாவை இரவு தூங்கி எழும் ஊராக மட்டும் வைத்திருப்பார்கள். கியோட்டோவை விட அறை வாடகை குறைவு, விமான நிலையம் அருகில் என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். நின்று அண்ணாந்து பார்க்க வேண்டிய பழைய கோயில்கள் இங்கே குறைவு என்பது உண்மைதான். ஆனால் கையால் செய்து, வாயால் ருசித்து, உள்ளூர்க்காரர்களின் கூட்டத்துக்குள் நின்று அனுபவிக்க வேண்டியவை வேறெந்த ஜப்பானிய நகரத்தை விடவும் இங்கேதான் அதிகம் என்பது என் கருத்து. அவற்றில் பலவற்றுக்கு முன்பதிவோ, குறிப்பிட்ட கிழமையோ, சிறிய நடைமுறை அறிவோ தேவைப்படுகிறது. அதைக் கருதியே இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

முதலில் நகரத்தின் வரைபடம் மனதில் பதிய வேண்டும்

ஒசாகா மிகப் பெரிய நகரம் என்றாலும் பயணியின் ஒசாகா ஒரே ஒரு கோட்டில் அடங்கிவிடும். வடக்கே ஷின்-ஒசாகாவில் உள்ள புல்லட் ரயில் நிலையத்திலிருந்து உமேடா, யோடோயாபாஷி, ஷின்சாய்பாஷி, நம்பா வழியாகத் தெற்கே டென்னோஜி வரை செல்லும் மிடோசுஜி சுரங்க ரயில் பாதையே அந்தக் கோடு. 1933-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதைக்கு வரைபடங்களில் சிவப்பு நிறம். உமேடாவைச் சுற்றிய வட பகுதியை ‘கீத்தா’ என்றும், நம்பாவைச் சுற்றிய தென் பகுதியை ‘மினாமி’ என்றும் ஊர்க்காரர்கள் அழைக்கிறார்கள். கீத்தா அலுவலகங்களும் பெரிய அங்காடிகளும் நிறைந்த கறாரான பகுதி. மினாமியோ சாப்பாட்டுக் கடைகளும் நாடக அரங்குகளும் வண்ண விளக்குகளும் கலந்த பகுதி. முதன்முறை செல்பவர்கள் நம்பாவுக்கு நடந்து போகும் தொலைவில் அறை எடுப்பதே நல்லது. இரவில் அலைந்து திரிய வேண்டிய இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன; விமான நிலைய ரயிலும் அங்கேயே வந்து நிற்கிறது.

உமேடாவில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிறுவனத்தின் ‘ஒசாகா’ நிலையம், ஹான்க்யூ, ஹான்ஷின் என்னும் தனியார் ரயில்களின் ‘ஒசாகா-உமேடா’ நிலையங்கள், மெட்ரோவின் ‘உமேடா’, ‘ஹிகாஷி-உமேடா’, ‘நிஷி-உமேடா’ நிலையங்கள் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே நிலத்தடி வணிக வளாகத்தால் இணைக்கப்பட்டுள்ளன. பெயர் வேறு வேறாக இருப்பதால் ஊரும் வேறு என்று நினைத்துவிடக் கூடாது. இந்த வளாகத்துக்குள் கைபேசியின் திசைகாட்டி சரியாக வேலை செய்யாது. மேலே தொங்கும் மஞ்சள் பலகைகளில் வாசல் எண்ணைத் தேடி நடப்பதும், வழி தவறினால் ஏதாவதொரு படிக்கட்டில் ஏறித் தெருவுக்கு வந்து திசை பார்த்துக்கொள்வதும்தான் வழி.

நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம் நிற்பார்கள். டோக்கியோவிலிருந்து வருபவர்கள் முதல் நாளில் தவறான பக்கம் நின்று பின்னால் வருபவர்களின் மௌனமான கோபத்துக்கு ஆளாவது வழக்கம்.

வந்திறங்கும் நாள்

கான்சாய் விமான நிலையம் 1994-இல் ஒசாகா வளைகுடாவில் கடலைத் தூர்த்து உருவாக்கிய செயற்கைத் தீவில் திறக்கப்பட்டது. அங்கிருந்து நம்பா செல்ல நான்காய் நிறுவனத்தின் இரண்டு வகை ரயில்கள் உள்ளன. நீல நிறத்தில் இரும்புக் கவசம் அணிந்த வீரன் முகம்போல இருக்கும் ‘ரபீட்டோ’ விரைவு ரயிலில் எல்லா இருக்கைகளும் முன்பதிவு இருக்கைகளே. ஏறக்குறைய 40 நிமிடத்தில் நம்பா வந்துவிடும். சாதாரண ‘ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ்’ 45 நிமிடம் எடுத்துக்கொள்ளும். கட்டணம் 970 யென். சில நிமிட வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதா என்பதை உங்கள் பெட்டிகளின் எடை முடிவு செய்யட்டும். உமேடாவிலோ டென்னோஜியிலோ தங்குபவர்கள் ஜேஆர் ரயிலில் செல்ல வேண்டும்.

விமான நிலையத்திலேயே ‘இக்கோகா’ என்னும் பயண அட்டையை வாங்கிவிடுவது நல்லது. 2,000 யென் கொடுத்தால் 500 யென் வைப்புத்தொகை போக 1,500 யென் பயணத்துக்குக் கிடைக்கும். மெட்ரோ, தனியார் ரயில், பேருந்து, டிராம், தெருவோரக் குளிர்பான இயந்திரம், மூலைக்கடை என எல்லா இடத்திலும் இந்த அட்டையைத் தொட்டுச் செல்லலாம். மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் 190 யென். நாள் முழுவதும் மெட்ரோவில் ஏறி இறங்கப் போகிறவர்களுக்கு ஒருநாள் சீட்டு உண்டு. வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் அதன் விலை குறைவாக இருக்கும் என்பதால், அலைச்சல் மிகுந்த நாளைச் சனி ஞாயிறில் வைத்துக்கொள்வது சிக்கனம். அட்டை இருந்தாலும் சில ஆயிரம் யென் ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும். கோயில்கள், சிறு தின்பண்டக் கடைகள், பொதுக் குளியலகங்கள் போன்றவற்றில் ரொக்கமே செல்லும். செவன்-இலெவன் கடைகளில் உள்ள பண இயந்திரங்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும்.

முதல் நாள் மாலையை டோடன்போரிக்கு விட்டுவிட வேண்டும். களைப்போடு பார்ப்பதற்கு அதுவே ஏற்ற இடம். 1612-இல் யாசுயி டோடன் என்பவர் இந்தக் கால்வாயை வெட்டத் தொடங்கினார். வேலை முடியுமுன் 1615-இல் ஒசாகா கோட்டை முற்றுகையில் அவர் இறந்துபோக, உறவினர்கள் முடித்து வைத்தார்கள். பெயர் மட்டும் அவருடையதாக நிலைத்தது. கால்வாயின் மேல் எபிசு பாலத்தில் நின்றால், இரு கைகளையும் உயர்த்தி ஓடும் கிளிகோ மிட்டாய் நிறுவனத்தின் ஓட்டக்காரர் விளம்பரம் எதிரே தெரியும். 1935 முதல் அங்கே நிற்கும் அந்த ஓட்டக்காரரின் ஆறாவது வடிவம் 2014-இல் வைக்கப்பட்டது. அதே போலக் கை தூக்கி நின்று படம் எடுத்துக்கொள்வது கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் எல்லோரும் செய்வதால் வெட்கம் வராது. விளக்குகள் எரியத் தொடங்கிய பின்னரே இந்தத் தெரு முழு உருவம் பெறுகிறது. பகலில் பார்த்தால் திருவிழா முடிந்த மறுநாள் தேர்முட்டி மாதிரி இருக்கும்.

கூட்டம் சலித்ததும், கால்வாய்க்குத் தெற்கே ஒரு தெரு தள்ளி இருக்கும் ஹோசென்ஜி சந்துக்குள் நுழையுங்கள். கல் பாவிய அந்தக் குறுகிய சந்தில் ஃபுடோ மியோ என்னும் காவல் தெய்வத்தின் சிலை நிற்கிறது. வேண்டிக்கொள்பவர்கள் அகப்பையில் நீர் மொண்டு சிலைமேல் ஊற்றுவது வழக்கம் என்பதால், முகம் அடையாளம் தெரியாத அளவுக்குப் பாசி படர்ந்து சிலையே பச்சை வெல்வெட் போர்த்தியது போல இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நீர் ஊற்றலாம். அபிஷேகம் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்நியமாகவே தோன்றாது.

சாப்பிடும் முறை

ஒசாகாவை ‘நாட்டின் சமையலறை’ என்று அழைத்தது எடோ காலத்து (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) வழக்கம். நாடெங்கிலுமிருந்து அரிசியும் கடற்பொருள்களும் இங்கே வந்து விலை நிர்ணயமாகிப் பிற ஊர்களுக்குச் சென்றதால் வந்த பெயர் அது. இன்றும் இந்நகரத்தின் முக்கியமான பொழுதுபோக்கு சாப்பாடுதான். அதிலும் விலை உயர்ந்த விருந்துகளை விட மாவும் எண்ணெயும் சார்ந்த தெருப் பண்டங்களுக்குத்தான் இங்கே மரியாதை.

டாகோயாகி என்பது நம் குழிப்பணியாரத்தின் தூரத்து உறவு போலிருக்கும். குழிகள் உள்ள வார்ப்பிரும்புச் சட்டியில் நீர்த்த மாவை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஆக்டோபஸ் இறைச்சியை இட்டு, ஊசிபோன்ற கம்பியால் புரட்டிப் புரட்டி உருண்டையாக்குவார்கள். வெளியே ஆறியது போலிருக்கும், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்; கம்பியால் ஓட்டை போட்டு ஆவியை வெளியேற்றிய பிறகே வாயில் போட வேண்டும். வாங்கிய கடையின் முன்பே நின்று சாப்பிட்டு, காலித் தட்டை அதே கடையின் தொட்டியில் போட்டுவிடுவது நல்லது, ஏனெனில் அடுத்த குப்பைத் தொட்டியை எங்கே பார்ப்பீர்கள் என்று சொல்ல முடியாது.

ஒகோனோமியாகி முட்டைக்கோசும் மாவும் முட்டையும் கலந்து இரும்புத் தட்டில் வார்க்கும் தடித்த அடை. சில கடைகளில் மேசையிலேயே சூடான தட்டு பதித்திருப்பார்கள். கலவையைக் கிண்ணத்தில் கொடுத்து நீங்களே வார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அத்தகைய கடையைத் தேர்ந்தெடுப்பதே சுவாரசியம். கிண்ணத்தை நன்றாகக் கலக்கி, வட்டமாக ஊற்றி, ஓரம் வெந்ததும் இரண்டு கரண்டிகளால் ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். திருப்பிய பின் கரண்டியால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் அடை கல்லாகிவிடும் என்று கடைக்காரர் தலையை ஆட்டுவார்.

குஷிகாட்சு என்பது இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றைத் தனித்தனியே குச்சியில் குத்தி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. பொதுவான குழம்புப் பாத்திரத்தில் ஒருமுறைதான் தோய்க்கலாம், கடித்த குச்சியை மறுபடி தோய்க்கவே கூடாது என்பது அதன் எழுதப்பட்ட சட்டம். கடைச் சுவர்களில் பெரிய எழுத்தில் இருக்கும். குழம்பு போதவில்லை என்றால் இலவசமாக வைக்கும் முட்டைக்கோஸ் இலையால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். பெருந்தொற்றுக்குப் பிறகு பல கடைகள் பாட்டிலுக்கு மாறிவிட்டன என்றாலும் சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சைவ உணவு உண்பவர்கள் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்க வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் ‘தாஷி’ என்னும் தெளிந்த சாறு. கடற்பாசியும், சூரை மீனை அவித்துப் புகையூட்டி உலர்த்திச் சீவிய சீவலும் சேர்த்து அது தயாராகிறது. இலங்கைத் தமிழர் சம்பலில் இடித்துச் சேர்க்கும் மாசிக் கருவாடும் அதே இன மீன்தான். எனவே மேலே மீனோ இறைச்சியோ தெரியாத உடோன் நூடுல்ஸ் கிண்ணத்திலும், ஒகோனோமியாகி மாவிலும், சில ஊறுகாய்களிலும்கூட மீன் சாறு இருக்கும். ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் போதாது. ‘நிக்கு தோ சாகானா வா தாபெமாசென்’, அதாவது இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்று சொல்லி, ‘தாஷி மோ தாமே தெஸ்’, தாஷியும் ஆகாது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை ஜப்பானிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பொரிக்கும் எண்ணெய் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம் என்பதால் குஷிகாட்சு கடையில் காய்கறிக் குச்சியைக் கேட்பதும் முழுத் தீர்வாகாது. இந்திய உணவகங்கள் நம்பாவிலும் உமேடாவிலும் உண்டு. புளித்த ஆல்பக்காராப் பழம் வைத்த சோற்றுருண்டையும் பழங்களும் மூலைக்கடைகளில் கிடைக்கும்.

தாராளமாகச் சாப்பிடுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நம்பாவுக்கு அருகில் உள்ள குரோமோன் சந்தையைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். ஏறக்குறைய 580 மீட்டர் நீளமுள்ள அந்த மூடிய சந்தையை நடந்து பார்க்கலாம், தவறில்லை. ஆனால் வறுத்த இறாலுக்கும் நண்டுக் காலுக்கும் அங்கே சொல்லும் விலை பயணிகளுக்கான விலை. அங்கே பார்த்துவிட்டு வேறிடத்தில் உண்பதே அறிவு. பக்கத்திலேயே டோகுயாசுஜி என்னும் பாத்திரக்கடைத் தெரு இருக்கிறது. உணவகங்களின் காட்சிப் பெட்டியில் வைக்கும் மெழுகு போன்ற போலி உணவு மாதிரிகள், டாகோயாகிச் சட்டிகள், தெற்கே உள்ள சாக்காய் நகரத்தில் அடித்து உருவாக்கிய கத்திகள் ஆகியவை அங்கே கிடைக்கும். கத்தி வாங்கினால் விமானத்தில் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: கோட்டையும் பழைய தெருவும்

ஒசாகா கோட்டைக்குக் காலை 9 மணிக்குக் கதவு திறக்கும்போதே சென்றுவிட வேண்டும். ஜப்பானை ஒருங்கிணைத்த படைத்தலைவர் டோயோடோமி ஹிதேயோஷி 1583-இல் கட்டத் தொடங்கிய கோட்டை 1615-இல் அவருடைய வம்சத்தோடு சேர்ந்து அழிந்தது. வென்ற தொகுகாவா மரபினர் அதன்மேல் மண்ணைக் கொட்டிப் புதிதாக எழுப்பிய கோபுரமும் 1665-இல் இடி விழுந்து எரிந்தது. இன்று நிற்பது 1931-இல் ஊர் மக்களின் நன்கொடையால் எழுந்த கான்கிரீட் கட்டடம். உள்ளே மின்தூக்கி இருப்பதைக் கண்டு ஏமாற்றம் அடைபவர்கள் உண்டு. பழைய மரக் கோட்டையை எதிர்பார்த்து வந்திருந்தால் அந்த ஏமாற்றம் நியாயமானதே. பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 600 யென்னிலிருந்து 1,200 யென்னாக உயர்ந்துவிட்டது.

என்னைக் கேட்டால், உள்ளே போவதை விட வெளியே மதிற்சுவர்களைப் பார்ப்பதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சாகுரா வாசலுக்கு உள்ளே எதிர்ப்படும் ‘டாகோ-இஷி’ என்னும் ஒற்றைக் கல் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ளது என்று மதிப்பிடப்பட்டுள்ளது. படகுகளில் ஏற்றிக் கடல் வழியே கொண்டுவந்த இத்தகைய கற்களைச் சாந்து இல்லாமலே அடுக்கியிருக்கிறார்கள். பூங்காவும் அகழியும் கட்டணமின்றி எந்நேரமும் திறந்திருக்கும். மார்ச் இறுதியிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் சென்றால் செர்ரி மரங்களின் கீழே நீலத் தார்ப்பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களைக் காணலாம். மூலைக்கடையில் சோற்றுருண்டை வாங்கிக்கொண்டு நீங்களும் உட்காரலாம்.

பிற்பகலில் மெட்ரோ ஏறி டென்ஜின்பாஷிசுஜி ஆறாம் பகுதி நிலையத்தில் இறங்க வேண்டும். நிலையத்தின் மேலேயே உள்ள கட்டடத்தில் ஒசாகா வாழ்விட அருங்காட்சியகம் இயங்குகிறது. 1830-களின் ஒசாகாத் தெருவொன்றை வீடு, மருந்துக் கடை, குளியலகம், கூரைமேல் பூனை உட்பட முழு அளவில் உள்ளரங்கில் கட்டி வைத்திருக்கிறார்கள். விளக்குகள் மாறி மாறி விடியலும் நண்பகலும் அந்தியும் இரவும் அந்தத் தெருவில் வந்துபோகும். சிறு கட்டணத்தில் கிமோனோ உடுத்தி அதற்குள் நடக்கலாம். கியோட்டோவில் இதற்குச் செலவாகும் பணத்தில் மிகச் சிறு பங்கே ஆகும். மழை நாளிலும் நனையாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

அங்கிருந்து வெளியே வந்தால் டென்ஜின்பாஷிசுஜி கடைத்தெரு தொடங்குகிறது. 2.6 கிலோமீட்டர் நீளத்தில் ஜப்பானிலேயே மிக நீளமான கூரை வேய்ந்த கடைத்தெரு இது. மூக்குக்கண்ணாடிக் கடை, பழைய புத்தகக் கடை, பல் மருத்துவர், நூறு யென் கடை, கொரோக்கே என்னும் உருளைக்கிழங்கு போண்டாவைச் சுடச்சுடப் பொரித்துத் தரும் இறைச்சிக் கடை என ஊர்க்காரர்களின் அன்றாடம் அங்கே நடக்கிறது. தெருவின் தென்கோடியில் டென்மாங்கு ஆலயம். ஜூலை 24, 25 தேதிகளில் நீங்கள் ஊரில் இருந்தால் அந்த ஆலயத்தின் டென்ஜின் திருவிழாவைத் தவறவிடக் கூடாது. 25-ஆம் தேதி மாலையில் ஏறக்குறைய நூறு படகுகள் ஆற்றில் தெய்வத்தோடு ஊர்வலம் போக, மேலே வாணவேடிக்கை நடக்கும். நம் தெப்பத் திருவிழா பெருகி ஆறு முழுவதும் பரவியது போலிருக்கும். ஆற்றங்கரையில் இடம் பிடிக்கப் பிற்பகலிலேயே சென்று, குடிநீரும் விசிறியும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

மூன்றாம் நாள்: தெற்கே

காலையில் டென்னோஜியிலிருந்து ஹான்காய் டிராம் பிடித்து சுமியோஷி டைஷா ஆலயத்துக்குச் செல்லலாம். ஒசாகாவில் எஞ்சியிருக்கும் ஒரே டிராம் இது. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போவதால் பயணமே வேடிக்கையாக இருக்கும். ஆலய வாயிலில் அரைவட்டமாக வளைந்த சிவப்புப் பாலம் ஒன்று நிற்கிறது. ஏறுவதை விட இறங்குவது கடினம். உள்ளே கோஷோ கோசென் என்னும் வேலியிட்ட சிறு இடத்தில் பரப்பியிருக்கும் கூழாங்கற்களுக்கு நடுவே ‘ஐந்து’, ‘பெரிய’, ‘வலிமை’ என்று பொருள்படும் மூன்று எழுத்துகளில் ஒன்று எழுதப்பட்ட கற்கள் கலந்திருக்கும். வேலிக் கம்பிகளின் இடையே கைவிட்டு மூன்று எழுத்தையும் தேடி எடுத்தால் அது காப்பு. வேண்டுதல் நிறைவேறினால் வேறு கற்களில் அதே எழுத்துகளை எழுதி இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். எழுத்துத் தெரியாதவர்கள் முன்கூட்டியே கைபேசியில் படம் வைத்துக்கொண்டால் குழந்தைகளோடு அரைமணி நேரம் போவதே தெரியாது.

திரும்பும் வழியில் ஷின்செகாய். 1903-இல் இப்பகுதியில் நடந்த தொழிற்பொருட்காட்சியின் மைதானத்தில், பாதியைப் பாரிஸ் போலவும் பாதியை நியூயார்க்கின் கோனி தீவு போலவும் ஆக்க நினைத்து 1912-இல் திறந்த ‘புதிய உலகம்’ அது. பாரிஸும் நியூயார்க்கும் எப்போதோ போய்விட்டன. எஞ்சியிருப்பது பெரிய பெரிய பலகைகளும் பொரித்த குச்சிகளும் சதுரங்கம் போன்ற ஷோகி ஆடும் முதியவர்களும்தான். நடுவே நிற்கும் ட்சூடென்காகு கோபுரம் 1956-இல் எழுந்த இரண்டாவது கோபுரம். டோக்கியோ கோபுரத்தை வடிவமைத்த அதே நைட்டோ டாச்சூதான் இதற்கும் பொறியாளர். மேலே பில்லிக்கன் என்னும் சிரித்த முகத்துப் பொம்மைச் சாமி காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் பிறந்து இங்கே குடியேறிய அந்தச் சாமியின் உள்ளங்காலைத் தடவினால் அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. தடவித் தடவிக் குழி விழுந்திருக்கிறது. 2022 முதல் கோபுரத்தின் நடுத்தளத்திலிருந்து நிலத்தடி வரை 60 மீட்டர் நீளச் சறுக்குக் குழாயும் உண்டு. பத்து நொடியில் கீழே வந்துவிடலாம்.

மாலையில் ஒரு பொதுக் குளியலகத்துக்குச் செல்வதை வலியுறுத்திச் சொல்வேன். நடந்து வீங்கிய கால்களுக்கு அதைவிட மருந்து இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு, ஆனால் உள்ளே உடையின்றித்தான் செல்ல வேண்டும். நம்மவர்களுக்குப் பெரிய தயக்கம் அதுதான். முதல் ஐந்து நிமிடத்தில் உங்களை யாரும் பார்க்கவில்லை என்பது புரிந்துவிடும். காலணியை வாசல் பெட்டியில் வைத்துப் பூட்டி, கட்டணம் செலுத்தி, உடைகளைக் களைந்து உள்ளே சென்றதும், சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்பிட்டு முழுவதும் கழுவிக்கொண்ட பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டுமே. துண்டும் கூந்தலும் தண்ணீரில் படக் கூடாது. வெளியேறும் முன் உடலை ஓரளவு துடைத்துக்கொண்டே உடைமாற்றும் அறைக்குள் செல்ல வேண்டும். பச்சை குத்தியவர்களைச் சில இடங்களில் அனுமதிப்பதில்லை என்பதால் வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

புன்ராகு: ஒரு மாலையை இதற்காக மாற்றிக்கொள்ளலாம்

ஒசாகாவுக்கே உரிய கலையாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது புன்ராகு பொம்மை நாடகம். 1684-இல் டகேமோட்டோ கிடாயு என்னும் பாடகர் டோடன்போரியில் அரங்கம் தொடங்கியதிலிருந்து அதன் வரலாறு தொடர்கிறது. சிக்காமாட்சு மோன்சாயெமோன் அவருக்காக நாடகங்கள் எழுதினார். நம்பாவுக்கு அருகே நிப்போன்பாஷியில் 1984-இல் திறக்கப்பட்ட தேசியப் புன்ராகு அரங்கில் ஜனவரி, ஏப்ரல், கோடைக்காலம், நவம்பர் ஆகிய பருவங்களில் நிகழ்ச்சிகள் நடக்கும்.

நம் பொம்மலாட்டத்தில் ஆட்டுவிப்பவர் திரைக்குப் பின்னே மறைந்திருப்பார். இங்கே ஒரு பொம்மைக்கு மூன்று பேர், மேடையிலேயே, கண்ணெதிரே நிற்கிறார்கள். தலையும் வலக்கையும் ஒருவருக்கு, இடக்கை ஒருவருக்கு, கால்கள் ஒருவருக்கு. வலப்பக்க மேடையில் உட்கார்ந்த ஒரே பாடகர் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து அழுது சிரித்துச் சீற, அருகில் ஷமிசென் நரம்பிசை ஒலிக்கும். பத்து நிமிடத்தில் அந்த மூன்று பேரும் கண்ணுக்குத் தெரியாமல் போய், பொம்மை மூச்சு விடுவது போலத் தோன்றும். முழு நிகழ்ச்சி பல மணி நேரம் நீளும் என்பதால் முதன்முறை செல்பவர்கள் ஒரு காட்சிக்கு மட்டுமான மலிவுச் சீட்டைக் கேட்டு வாங்கலாம். ஆங்கில விளக்கக் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொள்வது அவசியம். கதை தெரியாமல் உட்கார்ந்தால் தூக்கம் வரும்.

மார்ச் மாதம் செல்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் பெரும் சுமோப் போட்டிகளில் மார்ச் போட்டி நம்பாவில்தான், 15 நாட்கள் நடக்கிறது. சீட்டு விற்பனை தொடங்கிய உடனேயே வாங்க வேண்டும்.

நான்காம் நாள்: கடலா, மலையா

குழந்தைகள் இருந்தால் கடல் பக்கம். சூவோ மெட்ரோ பாதையில் ஒசாகாகோ நிலையத்தில் இறங்கினால் 1990-இல் திறந்த காய்யூகான் மீன்காட்சியகம். எட்டாம் தளத்துக்கு ஏறி, 5,400 டன் நீரும் 9 மீட்டர் ஆழமும் கொண்ட நடுத்தொட்டியைச் சுற்றிச் சுற்றி இறங்கி வர வேண்டும். மேலே காட்டு நீரோடையில் தொடங்கி, திமிங்கலச் சுறாவின் முதுகு, வயிறு, கடைசியில் கடலின் அடித்தரை என்று காட்சி மாறும். வெளியே 4.53 மீட்டர் உயரமுள்ள டெம்போசான் ‘மலை’ இருக்கிறது. ஏறி முடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அதன் அருகிலிருந்து எதிர்க்கரையான சாகுராஜிமாவுக்கு மாநகராட்சியின் படகு இலவசமாகச் செல்கிறது. நகரில் இப்படி எட்டுத் துறைகள் உண்டு. சாலையின் தொடர்ச்சியாகக் கருதப்படுவதால் கட்டணமில்லை. பயணக் கையேடுகளைப் படித்துவிட்டு வருபவர்கள் வரிசையில் நிற்கும் இடங்களை விட, மிதிவண்டியோடு வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்தில் நின்று கடக்கும் இந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பிடிக்கும்.

எதிர்க்கரையில் 2001-இல் திறந்த யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஜப்பான். அதற்கு முழுநாள் வேண்டும். மீன்காட்சியகத்தோடு சேர்க்கக் கூடாது. சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறும். பள்ளி விடுமுறை, ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம் வரையிலான பொன் வாரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். 2021-இல் திறந்த நின்டெண்டோ பகுதிக்குள் நுழையக் கூட்ட நாட்களில் நேரச் சீட்டு தேவை. பூங்காவுக்குள் நுழைந்தவுடன் கைபேசிச் செயலியில் அதை எடுப்பதே முதல் வேலை.

மலைப் பக்கம் செல்பவர்கள் உமேடாவில் ஹான்க்யூ தகராசுகா பாதையில் ஏறி இக்கேடாவுக்குச் செல்லலாம். அந்த ஊரில்தான் மோமோஃபுகு ஆண்டோ 1958-இல் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்தார். அங்குள்ள கப் நூடுல்ஸ் அருங்காட்சியகத்துக்கு நுழைவு இலவசம். 500 யென் கொடுத்தால் வெற்றுக் கோப்பையில் நீங்களே படம் வரைந்து, நான்கில் ஒரு சாறும் பன்னிரண்டில் நான்கு சேர்க்கைப் பொருள்களும் தேர்ந்தெடுத்து மூடி வாங்கலாம். மொத்தம் 5,460 வகைகள் சாத்தியம். சாறுகள் சைவமல்ல என்பதால் சைவர்கள் வரைவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். இங்கும் செவ்வாய் விடுமுறை.

ஒரு நிலையம் திரும்பி வந்து இஷிபாஷியில் மினோ கிளைப் பாதைக்கு மாறினால் மலையடிவாரம். நிலையத்திலிருந்து ஓடையோரமாக மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நல்ல நடைபாதை 33 மீட்டர் உயர அருவியில் முடிகிறது. நவம்பர் பிற்பாதியில் மேப்பிள் இலைகள் சிவந்து நிற்கும். அந்த இலையையே ஓராண்டு உப்பில் ஊறவைத்து, எள்ளும் சர்க்கரையும் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்து வழியெங்கும் விற்கிறார்கள். நம் அதிரசத்தின் மொறுமொறுப்பான ஓரம் போன்ற சுவை.

சில நடைமுறைகள்

ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழை; ஆகஸ்டில் வெயில் 35 பாகையைத் தாண்டும், ஈரப்பதமும் சேர்ந்து சென்னைக்காரர்களையே சோர்வடையச் செய்யும். அன்பளிப்புப் பணம் எங்கும் கொடுக்கக் கூடாது; மிச்சத்தை விட்டுவிட்டு வந்தால் துரத்தி வந்து தருவார்கள். 2025 ஜனவரி முதல் நகரம் முழுவதும் தெருவில் புகைபிடிக்கத் தடை, மீறினால் 1,000 யென் அபராதம். கடைக்காரருக்கு நன்றி சொல்ல ‘அரிகாத்தோ’ போதும் என்றாலும், இப்பகுதி வழக்கில் ‘ஓகினி’ என்று சொன்னால் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

ஊர் திரும்பும் நாளில் ஜேஆரின் விமான நிலைய விரைவு வண்டியில் ஏறுபவர்கள் பெட்டி எண்ணைக் கவனிக்க வேண்டும். வழியில் ஹினேனோ நிலையத்தில் அந்த வண்டி இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரையிலான பெட்டிகள் விமான நிலையத்துக்குச் செல்லும். 5 முதல் 8 வரையிலானவை தெற்கே வாகயாமா நகரத்துக்குப் போய்விடும். பின்பெட்டியில் தூங்கிவிட்டால் கண் விழிக்கும்போது விமானத்தைத் தவறவிட்டிருப்பீர்கள்.